மடி மடியாக உட்கார்ந்த எடை

வெள்ளைமடை சின்னவெங்காய மண்டியில் எடை போடுகிற தங்கமாயன், பிரசவத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்த தன் மனைவி நாகஜோதியைக் கூட்டிவந்து மூட்டை நிறுக்கிற தராசின்மேல் ஏற்றி நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஏலமெல்லாம் முடிந்து, சுமை தூக்குகிறவர்கள் டீ குடிக்கப் போய், மண்டிக்குள் வெங்காயச் சருகு மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் பறந்துகொண்டிருந்த நேரத்தில். அவன் செய்தது மடத்தனம்தான். ஆனால் அவனைத் திட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு மாதமாக அவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேட்டுவிடுங்கள்.

வளைகாப்பு முடிந்த கையோடு நாகஜோதியைத் தாய்வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. தாய்வீடு என்றால் பஸ் ஏறிப் போகிற தூரமில்லை, மூன்று தெரு தள்ளி தையல் கடைக்கு எதிர்வீடு. அவள் அம்மா பவுனுத்தாய் தங்கமாயனுக்குச் சொந்த அத்தை, சின்ன வயதில் அவன் மூக்கைச் சிந்திவிட்டவள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, மகள் வந்து இறங்கிய மறுநாளே அவள் வீட்டைப் பிரசவத்துக்குத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டாள். பழைய நூல் சேலைகளைத் தேடி எடுத்து, வெந்நீரில் அலசி, காயவைத்து, மறுபடி அலசி, தொட்டில் கட்ட இரண்டு, பிள்ளையைச் சுற்ற நான்கு, கிழித்துத் துணியாக்க ஆறு என்று அடுக்கினாள். சுக்கு இடித்தாள், ஓமம் வறுத்தாள், வசம்பு சுட்டாள், பூண்டு உரித்தாள். ஆஸ்பத்திரிப் பையில் பிளாஸ்க்கும் சீப்பும் சோப்பும் ஆதார் அட்டை நகலும் போட்டுக் கட்டி, கட்டிய பையை ஒருநாளைக்கு இரண்டுமுறை அவிழ்த்துச் சரிபார்த்து மறுபடி கட்டினாள். இத்தனை வேலையில் தங்கமாயனுக்கென்று ஒரு வேலை இல்லை. ஆசையாக ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு போனதற்கு, "பெறாத பிள்ளைக்குப் புதுசு வாங்கலாமா, கூறு இருக்கா உனக்கு?" என்று அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள் அத்தை. பூண்டாவது உரிக்கலாம் என்று உட்காரப் போனால், "எந்திரி எந்திரி, ஆம்பளைக்கு இங்க என்ன சோலி?" என்று விரட்டினாள். அப்பா ஆகப்போகிறவன் அந்த வீட்டு வாசலில் மூன்று வேளையும் நின்றான், நின்றபடியே காப்பி குடித்தான், நின்றபடியே திரும்பிப் போனான்.

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மா செலின் ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை எடை ரெண்டு கிலோ நூறுதான் காட்டுது, இன்னும் கொஞ்சம் கூடணும், நல்லாச் சாப்புடச் சொல்லுங்க" என்று சொன்னாள். எடை என்ற சொல் காதில் விழுந்ததும் தங்கமாயனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூண்டு தெரியாது, வசம்பு தெரியாது, தொட்டில் முடிச்சு தெரியாது, ஆனால் எடை தெரியும். பதினோரு வருஷமாக எடை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். தினம் ஒருதரம் நாகஜோதியை நிறுத்தால் பிள்ளை எத்தனை கிராம் கூடுகிறது என்று சொல்லிவிடலாமே என்று அவனுக்குத் தோன்றியது. வாசலில் நிற்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்.

அத்தை தூங்குகிற நேரம் பார்த்து மனைவியைக் கூட்டிவந்தான். நாகஜோதி சிரித்துக்கொண்டே ஏறி நின்றாள். தராசின் சிவப்பு எழுத்தில் ஐம்பத்தெட்டு கிலோ நானூறு என்று வந்தது. அதை அவன் மனசில் குறித்துக்கொள்வதற்குள் அவன் விரல் தன் பாட்டுக்கு ஒரு காரியம் செய்துவிட்டது. மண்டியில் மூட்டை நிறுக்கும் முறை உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன்: முதலில் வெறும் சாக்கைத் தராசில் போடுவார்கள், ஓரத்தில் இருக்கிற கழிவுப் பட்டனை அமுக்குவார்கள், சாக்கின் எடை கழிந்து சைபர் வரும், பிறகு வெங்காயத்தைக் கொட்டுவார்கள். தராசில் ஏதாவது ஏறியதும் பட்டனை அமுக்குவது என்று ஒருநாளைக்கு இருநூறு தடவை, பதினோரு வருஷம் பழகிய விரல் அது. அமுக்கிவிட்டது. நாகஜோதி மேலே நின்றுகொண்டே இருக்க, சிவப்பு எழுத்தில் சைபர் வந்தது.

தங்கமாயன் பதறிப்போய் அவளை இறக்கி, தராசை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அவளை ஏற்றினான். ஐம்பத்தாறு கிலோ முந்நூறு. சரியாக இரண்டு கிலோ நூறு குறைந்திருந்தது.

"என்னங்க, கால் தரையில பாவ மாட்டேங்குது" என்றாள் நாகஜோதி.

"வெயிலு" என்றான் தங்கமாயன்.

பிள்ளை எங்கேயும் போகவில்லை. வயிறு இருந்த அளவில் இருந்தது, உள்ளே உதை இருந்தது, எல்லாம் இருந்தது. எடை மட்டும் வெளியே இறங்கிவிட்டது. இறங்கிய எடை அன்று சாயங்காலமே தன் முதல் மடியைக் கண்டுபிடித்தது. பவுனுத்தாய் சம்மணம் போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் கிடத்திய மாதிரி தொடை அழுந்துவதைப் பார்த்துக் கீரையைக் கீழே வைத்தாள். சேலைகூட அந்த இடத்தில் குழிந்திருந்தது. இது என்ன ஏது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளறையில் நாகஜோதி, "அம்மா, பிள்ளைக்கு விக்கல் எடுக்குது" என்றாள். வயிற்றுக்குள் ஒரு விக்கல் என்றால் பவுனுத்தாயின் மடியில் ஒரு குலுக்கல். உள்ளே இன்னொன்று, மடியில் இன்னொன்று. பவுனுத்தாய்க்கு விளங்கிப்போயிற்று. "ஏலே, அடுப்புல பால் பொங்குது, யாராச்சும் இறக்குங்க, எனக்கு எந்திரிக்க முடியாது, மடியில பேரப்பிள்ளை இருக்கு" என்று கத்தினாள். வாசலில் நின்றுகொண்டிருந்த தங்கமாயன் ஓடிப்போய்ப் பாலை இறக்கினான். அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

மறுநாள் செலின் நர்ஸம்மா வந்து பார்த்தாள். பிரஷர் சரி, ரத்தம் சரி, பிள்ளையின் இதயத் துடிப்பு குதிரை ஓடுகிற மாதிரி நன்றாக இருந்தது. எடை மிஷினில் நாகஜோதியை ஏற்றிப் பார்த்தாள். அந்த நேரம் எடை எதிர்க் கடையில் தையல்காரர் மைதீன் பிச்சையின் மடியில் இருந்ததால் தெருவைத் தாண்டிப்போய் அதையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுடைய பெரிய நோட்டில் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கட்டம் இருந்தது, தடுப்பூசிக்குக் கட்டம் இருந்தது, இதற்குத்தான் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, குழந்தை எடை என்ற இடத்தில் 'வெளியில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மைதீன் பிச்சை பாவம். தீபாவளிக்கு வந்து குவிந்த ஜாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு, மிஷினை மிதித்தால் மடி ஆடுமே, ஆடினால் பிள்ளை விழித்துக்கொள்ளுமே என்று ஒன்றரை மணி நேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் கேட்டு வந்த பொம்பளைகள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், விஷயம் தெரிந்ததும் சத்தம் போடாமல் அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து, அது எழுந்து தங்கள் மடிக்கு வராதா என்று மடியைச் சரிசெய்து சரிசெய்து பார்த்தார்கள். எடை யார் சொல்லையும் கேட்கவில்லை. அதற்குப் பிடித்த மடியில் பிடித்த நேரம் உட்கார்ந்தது, போதும் என்று தோன்றினால் எழுந்துபோயிற்று.

ஒரு வாரத்துக்குள் தெருவில் இதற்கென்று ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் குளித்ததும் ஆண்களும் பெண்களும் வாசல்படியில் சம்மணம் போட்டு, மடியில் ஒரு துண்டை விரித்து, கொஞ்ச நேரமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். எடை யார் மடியில் உட்கார்ந்ததோ அவர் அன்றைக்கு ரேஷன் வரிசையில் நிற்க வேண்டாம், அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அடுத்த வீட்டுக்காரர் பிடித்துவைக்க வேண்டும், அவர்மேல் யாரும் கோபப்பட்டுப் பேசக்கூடாது. சண்டைக்காரர்கள் கூட, "இரு இரு, மடி காலியாகட்டும், அப்புறம் பேசிக்கிறேன் உன்னைய" என்று காத்திருந்தார்கள், காத்திருந்த நேரத்தில் எதற்குச் சண்டை என்பதை மறந்துபோனார்கள். மண்டி முதலாளி சுந்தரலிங்கம் மடியில் அது ஏலத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட, எழுந்து நின்று கத்தினால்தான் ஏலம் என்று முப்பது வருஷமாக நம்பியிருந்த மனுஷன், அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் மெல்லிய குரலில் தாலாட்டு மாதிரி விலை சொன்னார். மொத்த மண்டியும் மெல்லிய குரலிலேயே கேட்டது. மறுநாள் அது வரவில்லை. முதலாளி வெகுநேரம் துண்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. எடை யார் மடியில் இருக்கிறதோ அவர் சாப்பிட்டால் அது கூடியது. இதைக் கண்டுபிடித்தது சுமை தூக்குகிற ஒச்சப்பன். பரோட்டாக் கடையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து உட்கார்ந்தது, பதினான்கு பரோட்டா முடிவதற்குள் தொடை மரத்துப்போகும் அளவுக்குக் கனத்துவிட்டது என்று அவன் சத்தியம் செய்தான். அதைச் சோதித்துப் பார்க்க ஊருக்கு ஆள் வேண்டுமே, எடை போடத் தெரிந்தவன் யார்? தங்கமாயனைக் கூப்பிட்டார்கள். மண்டியிலிருந்து சின்னத் தராசு தெருவுக்கு வந்தது. மடியில் எடையோடு ஒருதரம், எடை எழுந்துபோனபிறகு ஒருதரம் என்று ஆட்களைச் சம்மணத்தோடு நிறுத்து, கழித்துச் சொல்லவேண்டியது அவன் வேலை. இரண்டு கிலோ நூற்றெண்பது என்று அவன் சொன்ன அன்று தெருவே கைதட்டியது. அதன்பிறகு பார்க்க வேண்டுமே. கேழ்வரகுக் களி என்ன, கருவாட்டுக் குழம்பு என்ன, எள்ளுருண்டை என்ன, பேரீச்சம்பழம் என்ன, சர்க்கரை வியாதிக்காரர் நாலுபேர் மட்டும் விதிவிலக்கு, மற்ற எல்லோரும் ஊர்ப்பிள்ளைக்காக வஞ்சகமில்லாமல் தின்றார்கள். இரண்டரை ஆயிற்று, இரண்டே முக்கால் ஆயிற்று. தெருவின் மொத்த எடையும்கூட அந்த மாதம் கூடியது, அதை யாரும் நிறுக்கச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் எல்லோர் வாயிலும் ஒரு காரணம் இருந்தது. அம்மனின் விளையாட்டு என்றாள் பவுனுத்தாய். பிறக்கிறதுக்கு முன்னாடி அக்கம்பக்கம் எப்படின்னு விசாரிச்சுட்டுப் போக வந்திருக்கு, நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன் என்றார் மைதீன் பிச்சை. மசக்கையில் அவள் கேட்டதை வாங்கிக் கொடுக்கவில்லை, அதான் என்றான் ஒச்சப்பன். தங்கமாயன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்குள் அவன் பட்ட வேதனை அவனுக்குத்தான் தெரியும். பட்டனை அமுக்கியது இந்த விரல் என்று சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தான், ஒவ்வொரு நாளும் யாராவது எள்ளுருண்டையை அந்த வாயில் போட்டார்கள். எடை அவன் மடிக்கு ஒருநாளும் வரவில்லை. எப்படி வரும், பிடிபட்டுவிடுவோம் என்கிற பயத்தில் அவன் தராசைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஓடிக்கொண்டே இருந்தான். இருபது நாளாக அவன் எங்கேயும் உட்காரவில்லை.

பிரச்சினை நாகஜோதியின் நாள் நெருங்கியபோது வந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா சின்னப் பெண், எதற்கும் அசராதவள். வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளையோட தலை இறங்கவே இல்ல. மேலேயே மிதக்குது. கனம் இருந்தாத்தானே கீழ இறங்கும்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் இறங்கலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம்."

பிறகு செலின் அவர்களை வெளியே அழைத்து இன்னொன்றையும் சொன்னாள். எடையைத் திருப்பிக் கொண்டுவர ஏதாவது வழி தெரிந்தால் வீட்டில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள், இருபது நாள் கழித்துத் திடுமென்று கனம் ஏறினால் அந்த நிமிஷமே வலி எடுக்கும், இங்கே கொண்டுவந்து கொடுங்கள் என்றாள். சொல்லிவிட்டு, வழி உங்களுக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி தங்கமாயனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

புதன்கிழமை மத்தியானம். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். தங்கமாயன் வழக்கம்போல வாசலில் நின்றான். நாகஜோதி கட்டிலில் சாய்ந்திருந்தவள், "உள்ள வாங்க" என்றாள். உள்ளே போய் நின்றான்.

"வெள்ளிக்கிழமை கிழிச்சு எடுக்கிறதப் பத்தி எனக்குப் பயமில்ல" என்றாள். "ஊர்ல பாதிப்பேருக்கு அப்படித்தான் எடுக்கிறாக. ஆனா பிள்ளை என் கையில இருக்கும், எடை மைதீன் மாமா மடியில இருக்கும். நான் தூக்குனா எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? தூக்கியிருக்கேனா இல்லையான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கணும். அப்படி ஒரு பிள்ளைய எப்படிங்க வளக்குறது?"

தங்கமாயனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"ஜோதி, நான்தான். அன்னைக்கு உன்னைய நிறுக்கையில கழிவுப் பட்டன அமுக்கிட்டேன். வேணும்னு இல்ல. விரல் தானாப் போயிருச்சு."

"தெரியும்" என்றாள் நாகஜோதி. "நான்தான மேல நின்னேன். சைபர் வந்தத நானும்தான் பாத்தேன்."

"பிறகு ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அதோட ஒண்ணு. இடுப்பு வலி போயிருச்சு, கால் வீக்கம் போயிருச்சு. எட்டு மாசத்துக்கு அப்புறம் ஒருக்களிச்சு நிம்மதியாத் தூங்குனேன். இன்னும் ரெண்டு நாளு, இன்னும் ரெண்டு நாளுன்னு நானும் சும்மா இருந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கமாயனுக்கு இருபது நாளில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினான்.

"சரி, இப்ப என்ன செய்ய?" என்றான்.

"தெரு முழுக்க உக்காந்துருச்சு. என் மடியில உக்காரணும்னா எனக்கு மடி ஏது, வயிறுதான் இருக்கு. உங்களுக்கு என்ன கேடு? என்னைக்காச்சும் உக்காந்திருக்கீங்களா?"

தங்கமாயன் உட்கார்ந்தான். கட்டிலுக்குக் கீழே சிமென்ட் தரையில், சுவரில் சாய்ந்து, சம்மணம் போட்டு. முதலில் ஒன்றும் வரவில்லை. கால் மரத்தது. எறும்பு ஒன்று முழங்காலில் ஏறியது, அதைத் தட்டிவிடப் பயந்து அப்படியே விட்டான். கோயிலிலிருந்து திரும்பிய பவுனுத்தாய் மருமகன் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எந்திரி என்று சொல்ல வாயெடுத்தவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எதிர்க்கடையில் மிஷின் சத்தம் கேட்கவில்லை. அப்படியென்றால் எடை இப்போது மைதீன் பிச்சை மடியில் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவு அமைதியான மத்தியானத்தை அவன் மண்டியில் பார்த்ததே இல்லை. தப்புச் செஞ்சுட்டேன் சாமி, தெரியாமச் செஞ்சுட்டேன், வா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். சாமியைக் கூப்பிட்டானா பிள்ளையைக் கூப்பிட்டானா என்று அவனுக்கே தெரியாது.

எதிர்க்கடையில் தையல் மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. மறுகணம் தங்கமாயனின் மடி கனத்தது.

அறுபது கிலோ மூட்டையை முழங்காலால் ஒரு உந்து உந்தித் தராசில் ஏற்றுகிறவன்தான் அவன். இந்த இரண்டு கிலோ தொள்ளாயிரத்துக்கு அவன் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. தராசு இல்லாமலே இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்று தெரிந்தது. ஆனால் வலது தொடையில் கொஞ்சம் கூடுதலாக அழுந்துவதும், அது தலையாக இருக்கும் என்பதும், இடப்பக்கம் ஏதோ ஒன்று அடிக்கடி நீண்டு நீண்டு மடங்குவதும், எந்தத் தராசும் இதுவரை அவனுக்குச் சொல்லாத சேதியாக இருந்தது.

"வந்துருச்சு" என்றான்.

"தூக்குங்க" என்றாள் நாகஜோதி. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எப்படித் தூக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு கை கழுத்துக்குக் கீழே என்றார்கள், முழங்கையில் தலை என்றார்கள், மேல்சட்டைப் பையிலிருக்கிற பேனா குத்தும், எடு என்றார்கள். ஆட்டோ வேண்டாம், குண்டும் குழியுமான ரோட்டில் தூக்கிப்போடும் என்று முடிவாயிற்று. தங்கமாயன் ஒன்றுமில்லாத காற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு அடிக்கு ஒரு அடி பார்த்துவைத்து ஒன்றரை கிலோமீட்டரும் நடந்தான். நாகஜோதி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி லேசாக நடந்து வந்தாள். பவுனுத்தாய் கட்டிய பையோடு வந்தாள். மண்டி முதலாளி சுந்தரலிங்கம் தன் குடையை விரித்துத் தங்கமாயனின் கைகளுக்கு மட்டும் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு தான் வெயிலில் வந்தார். ஒச்சப்பன் முன்னால் போய் நாய்களை விரட்டினான். மைதீன் பிச்சை ஊசி குத்திய சட்டைக் காலரோடு வந்தார். பின்னால் தெருவே வந்தது. பஸ் ஸ்டாப்பில் வெளியூர்க்காரர் ஒருவர், "கையில என்ன தம்பி?" என்று கேட்டார். "பிள்ளையோட எடைங்க." "அப்படியா, பாத்துப் போங்க, முன்னால வேகத்தடை இருக்கு" என்றார் அவர். பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். வழியில் இரண்டு தடவை அது அவன் கைக்குள் புரண்டது. இரண்டு தடவையும் அவன் நின்றான், மொத்த ஊர்வலமும் நின்றது.

பிரசவ வார்டு வாசலில், ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது என்று காவல்கார அம்மா கையை நீட்டி மறித்தாள். செலின் உள்ளேயிருந்து வந்து, "அவர் கையிலதான் பிள்ளையோட கனம் இருக்கு, விடும்மா" என்றாள். நாகஜோதியைப் படுக்கவைத்தார்கள். தங்கமாயன் குனிந்து, நிறைந்த தண்ணீர்க் குடத்தை இறக்குவதுபோலப் பைய இறக்கி அவள் வயிற்றின்மேல் வைத்துவிட்டு, கையை எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தான். கட்டில் ஸ்பிரிங் கிரீச்சென்றது. நாகஜோதியின் இடுப்பு மெத்தைக்குள் அமிழ்ந்தது.

"யம்மா" என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "இத்தனை கனத்தையா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தலை இறங்கிருச்சு" என்றாள். அடுத்த நிமிஷம் தங்கமாயனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே வராண்டாவில் தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. இருபது நாள் பழக்கம், ஒருவருக்கும் நாற்காலி தோன்றவில்லை, எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு, மடியில் துண்டு விரித்து, அந்த மடிக்கு இனி எதுவும் வராது என்று தெரிந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தங்கமாயனுக்குக் கை இரண்டும் என்னமோ மாதிரி இருந்தது. தொங்கவிட்டுப் பார்த்தான், கட்டிப் பார்த்தான், இடுப்பில் வைத்துப் பார்த்தான். எங்கே வைத்தாலும் அவை அவனுடைய கைகளாக இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

"அழாதீங்க மாப்பிள்ளை" என்றார் மைதீன் பிச்சை. "மொத நாளு அது எந்திரிச்சுப் போனப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு ஜாக்கெட்டுக்கு மூணு கை வச்சுத் தச்சுட்டேன்."

மண்டி முதலாளி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. கணீரென்று, யாரையோ அதட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. செலின் பழைய நூல் சேலைத் துணியில் சுற்றிய பிள்ளையோடு வந்து நின்றாள். வராண்டாவில் இருந்த நாற்பது மடிகளும் தம்மையறியாமல் நிமிர்ந்து அகன்றன. செலின் அத்தனை மடிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூணோரம் நின்றவனிடம் வந்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

தங்கமாயன் உட்கார்ந்தான். அவள் குனிந்து பிள்ளையை அவன் மடியில் கிடத்தினாள். யாரும் மூச்சுவிடவில்லை. வேறு ஏதாவது எடை பிள்ளைக்குள் போயிருந்தால், வழியில் கொஞ்சம் சிந்தியிருந்தால், என்று ஆளாளுக்கு ஒரு பயம். தங்கமாயன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டான். வலது தொடையில் கொஞ்சம் கூடுதலாக அழுந்தியது. இடப்பக்கம் ஒரு குதிகால் நீண்டு, அவன் வயிற்றை உதைத்து, மடங்கியது.

"இதுதான்" என்றான். "நான் தூக்கிட்டு வந்தது இதேதான்."

அதைக் கேட்டபிறகுதான் தெரு மூச்சுவிட்டது. அதற்கும் பிறகுதான், ஒச்சப்பனுக்கு ஞாபகம் வந்து, ஆணா பெண்ணா என்று கேட்டான்.